நோவில்லாத கட்டியை நேரத்தோடு காண்போம்



கடந்த சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, கிளிநொச்சிப் பகுதியில் ஒரு மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்துக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். சங்கத்தின் சுழற்சி நிதியில் கொஞ்சப் பணம் சேர்ந்திருந்தது. அதை எதற்குச் செலவிடலாம் என்பதே அன்றைய பேச்சு. விதைநெல், ஆட்டுக்கொட்டில், பாலர் பாடசாலைக்குக் கூரை என்று பலரும் பலதைச் சொன்னார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார்.

“கனடாவில இருந்து என்ர தங்கச்சி வந்து நிண்டவா. அங்க பொம்பிளையளுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மார்பைப் படம் எடுத்துப் பாக்கினமாம். மமோகிராமாம். கான்சரை வெளியில தெரியமுன்னமே காட்டுமாம். நாங்கள் அறுபது பேரும் ஒரு பஸ்ஸைப் பிடிச்சு யாழ்ப்பாணம் போய், காசு கட்டி எடுத்துக்கொண்டு வந்தால் என்ன ஃபாதர்?”

கூட்டத்தில் சிறு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஊருக்கு ஒரு வீடாவது அதை அறிந்திருக்கிறது. எனவே அன்று அவசரமாகப் பதில் சொல்லாமல், மருத்துவத்துறை நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அடுத்த கூட்டத்துக்கு வந்து சொல்வதாக வாக்களித்தோம். அந்தப் பதிலையே இங்கு பாடமாகத் தருகிறோம். உங்கள் ஊர்ச் சங்கங்களிலும் வாசித்துக் கலந்துரையாடுங்கள்.

1. நோய் எப்படி வளர்கிறது?

மார்பகத்தில் பால் சுரக்கும் சுரப்பிகளும், பாலைக் கொண்டுவரும் நுண்குழாய்களும் உள்ளன. அவற்றின் உட்சுவரிலுள்ள கலங்கள் ஒழுங்கு தவறிப் பெருகத் தொடங்குவதே இந்த நோய். தொடக்கத்தில் அது குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கலாம். பின்னர் சுவரைத் தாண்டிச் சிறு கட்டியாகிறது. அதன்பின் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், கடைசியாக எலும்பு, ஈரல், சுவாசப்பை போன்ற தூர உறுப்புகளுக்கும் பரவுகிறது.

இதில் நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நமது மக்கள் நோவை வைத்தே நோயை அளக்கிறார்கள். பல் நொந்தால் போவோம், வயிறு நொந்தால் போவோம். நோகாத கட்டியை “அது கிடக்கட்டும்” என்று விட்டுவிடுவோம். இந்த நோயில் அந்தக் கணக்குப் பிழைத்துவிடுகிறது.

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அறக்கொட்டி தாக்கும்போது வரம்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகவே தெரியும். பூச்சி இருப்பது தூரடியில். இறங்கி, பயிரை விலக்கி, அடியைப் பார்க்கிறவனே அதை நேரத்தோடு காண்கிறான். வட்டம் வட்டமாக எரிந்த பிறகு வரம்பில் நிற்கிறவனுக்கும் தெரியும். அப்போது வேலை பெரிது, செலவும் பெரிது.

அதேவேளை வீணாகப் பயப்படவும் வேண்டாம். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி, இளம் பெண்களுக்கு வரும் தீங்கற்ற கட்டி, பால் கொடுக்கும் தாய்மாருக்கு வரும் வீக்கம் எனப் பல வகை உண்டு. ஆனால் அந்தப் பத்தில் எது ஒன்று என்பதை விரலால் தடவிப் பார்த்து நாமாகத் தீர்மானிக்க முடியாது. அதற்காகவே வைத்தியரிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

2. மமோகிராம் என்றால் என்ன?

மமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே படம். பெண்ணை ஓர் இயந்திரத்தின் முன் நிற்கச் செய்து, மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கிடையில் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் சரிவாக ஒன்றுமாக, வழக்கமாக நான்கு படங்கள். அழுத்தும்போது சிலருக்குச் சற்று நோகும், கைவிட்டதும் போய்விடும். படுகின்ற கதிரின் அளவு மிகக் குறைவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஏழு வாரத்தில் இயற்கையாக நம் எல்லார்மீதும் படுகின்ற அளவை ஒத்தது.

கைக்கு எட்டாத சிறு கட்டியையும், சில புற்றுநோய்களில் உண்டாகும் உப்புத்தூள் போன்ற கல்சியத் துகள்களையும் இப்படம் காட்டக்கூடும். இதுவே அதன் பெருமை.

ஜெர்மனியில் 1913இல் அல்பேர்ட் சலமோன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், வெட்டி எடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். அதிலிருந்து இந்த எண்ணம் வளர்ந்தது. நோய்க்குறி எதுவுமில்லாத பெண்களை வரவழைத்துப் படம் எடுத்தால் மரணம் குறையுமா என்ற கேள்விக்கு முதற் பெரிய ஆய்வு 1963இல் நியூயோர்க்கில் தொடங்கியது. சுமார் 62,000 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். படமும் வைத்தியரின் கைச்சோதனையும் சேர்ந்து மரணத்தைக் குறைத்தன என அது காட்டியது. 1977இல் சுவீடனின் இரு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு, படம் மட்டுமே எடுத்தும் மரணங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன என 1985இல் அறிவித்தது. பிரித்தானியா 1988இல் தேசியத் திட்டம் தொடங்கியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2024 ஒக்ரோபர் முதல் 40 வயதுப் பெண்ணும் இதில் சேரலாம். ஆக, தங்கச்சி சொன்னது உண்மையே.

3. இயந்திரம் தருவதும் எடுப்பதும்

ஆனால் முழு உண்மையையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் ஒரு சுயாதீனக் குழு 2012இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துக் கணக்கிட்டது. 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபது வருடம் தொடர்ந்து இச்சோதனைக்கு அழைத்தால் 43 பேர் இந்நோயால் இறப்பது தவிர்க்கப்படும். அதேவேளை 129 பேருக்கு, அவர்களது வாழ்நாளில் எந்தத் தொல்லையும் தந்திராத நோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் செய்யப்படும். அதாவது ஓர் உயிர் காக்கப்படும்போது மூன்று பெண்கள் தேவையற்ற சிகிச்சையைச் சுமக்கிறார்கள். எந்த நோய் வளரும், எது உறங்கிக் கிடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் இப்படி நேர்கிறது.

கனடாவில் 1980இல் தொடங்கி சுமார் 90,000 பெண்களை 25 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு, வருடாந்தப் படத்தால் மரணம் குறையவில்லை என 2014இல் சொன்னது. அந்த ஆய்வு நடத்தப்பட்ட முறை பற்றி இன்றும் விவாதம் உண்டு. எனினும் அதில் ஒரு விடயம் நமக்குப் பயன்படும். 50 முதல் 59 வயதுவரையான பிரிவில் இரு பக்கத்தாருக்கும் பயிற்றப்பட்ட கைகளின் கவனமான சோதனை ஆண்டுதோறும் நடந்தது. படம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட மேலதிக நன்மை பெற்றதாகத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விடயங்கள்:

அ) படம் எடுத்ததோடு காரியம் முடிவதில்லை. அமெரிக்கக் கணக்குகளின்படி 1,000 பெண்களைச் சோதித்தால் சுமார் 100 பேர் மறுபடி அழைக்கப்படுவார்கள். அந்த நூறு பேரிலும் சுமார் 5 பேருக்கே புற்றுநோய் இருக்கும். மற்றவர்கள் மேலும் படம், ஸ்கான், சிலர் ஊசிச் சோதனை வரை போய்வர வேண்டியிருக்கும். வைத்தியசாலை அடுத்த தெருவில் இருப்பவருக்கு அது ஒரு வாரக் கவலை. ஒட்டுசுட்டானிலோ மாந்தை கிழக்கிலோ இருப்பவருக்கு அது நான்கைந்து நாட்கூலியும் பஸ் காசும்.

ஆ) படம் எல்லாவற்றையும் காட்டாது. இருக்கின்ற புற்றுநோய்களில் எட்டில் ஒன்றை அது தவறவிடுகிறது. இளம் பெண்களின் மார்பில் சுரப்பித் திசு செறிந்திருக்கும். அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரியும். மூடுபனியில் வெள்ளைப் பசுவைத் தேடுவது போலாகும். எனவே இளம் வயதினருக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானையே முதலில் எடுக்கச் சொல்கிறார்கள். இதனால் ஒரு எச்சரிக்கை: “போன வருசம் படம் எடுத்தது, ஒன்றுமில்லை என்றார்கள்” என்று சொல்லிக்கொண்டு இன்று தட்டுப்படும் கட்டியை விட்டுவிடாதீர்கள்.

4. மும்பை தந்த பாடம்

செல்வந்த நாடுகளின் கணக்கை மட்டும் வைத்து நாம் முடிவெடுக்க வேண்டியதில்லை. நம்மைப்போன்ற ஏழை மக்களிடையே நடந்த பெரிய ஆய்வொன்று உண்டு.

மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர் இந்திரனீல் மித்ராவும் அவரது குழுவினரும் 1998இல் அதைத் தொடங்கினர். 35 முதல் 64 வயதுவரையான 1,51,538 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் நகரத்தின் வறிய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். ஒரு பாதியினரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான்கு தடவை சோதித்தார்கள். மமோகிராம் இயந்திரத்தை அவர்கள் பயன்படுத்தவில்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் தம் கையாலேயே சோதித்தார்கள். அதன்பின்னும் தொடர்ந்து வீடு வீடாக விசாரித்து வந்தார்கள். மறுபாதியினருக்கு நோயின் அறிகுறிகள் பற்றிய கல்வி மட்டும் வழங்கப்பட்டது.

இருபது வருட முடிவு 2021இல் வெளியாகியது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் மறுபாதியில் நூற்றுக்கு 47 ஆக இருக்க, கையால் சோதிக்கப்பட்டவர்களில் 37 ஆகக் குறைந்தனர். 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களில் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் வந்த சிறு குறைவு உறுதியாகச் சொல்லத்தக்கதல்ல.

இன்னொரு ஆய்வு சீனாவின் ஷங்காய் நகரில் 1989இல் தொடங்கியது. நெசவுத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தனர். ஒரு பகுதியினருக்குத் தம் மார்பைத் தாமே சோதிக்கும் முறை நன்றாகக் கற்பிக்கப்பட்டது. ஆயினும் அதனால் மட்டும் மரணம் குறையவில்லை என்று 2002இல் அறிவித்தார்கள். எனவே கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கமே, ஆனால் அதுவே காவல் என்று இருந்துவிடக் கூடாது. கண்டதைக் காட்டவும் வேண்டும், பயிற்றப்பட்ட கை பார்க்கவும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் 2014இல் இதை ஒட்டியே கருத்துச் சொன்னது. வசதி குறைந்த இடங்களில் எல்லாப் பெண்களுக்கும் படம் எடுக்க முயல்வதைவிட, அறிகுறி உள்ள பெண் விரைவில் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெறுவதே முதல் வேலை. 2021இல் அந்நிறுவனம் தொடங்கிய உலகளாவிய முயற்சி, முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதிசெய்யப்பட வேண்டும் என்கிறது. இந்த 60 நாட் கணக்கை ஒவ்வொரு வீடும் நினைவில் வைத்திருக்கட்டும்.

5. நமக்கென்று உள்ள வழி

நமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இவை நடக்கின்றன. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கான கிளினிக் வேறு, இது வேறு. இங்கு சுகமாக இருக்கும் பெண்களே வரவேண்டும். 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களுக்கு விசேட அழைப்பு உண்டு; மற்றவர்களும் போகலாம். மார்பகச் சோதனையோடு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு என்பனவும் பார்க்கப்படும். பணம் அறவிடப்படுவதில்லை. எந்த நாளில், எங்கே நடக்கிறதென்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார்.

20 வயது முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 40 வயதுக்குப் பின் வருடம் ஒருமுறையும் பயிற்றப்பட்டவரின் கையால் சோதித்துக்கொள்வது நல்லது. தாய், சகோதரி, மகள் என நெருங்கிய இரத்த உறவில் எவருக்காவது இந்நோய் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எந்த வயதில் படம் எடுக்கவேண்டுமென வைத்தியர் தனியாகத் தீர்மானிப்பார். கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் நாரஹேன்பிட்டியில் உள்ள புற்றுநோயை நேரகாலத்தோடு கண்டறியும் நிலையத்துக்கு யாருடைய கடிதமும் இல்லாமல் நேரடியாகச் செல்லலாம்.

கிளினிக்கில் சந்தேகம் எழுந்தால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அங்கு மூன்று சோதனைகள் சேர்ந்தே முடிவைத் தரும்: வைத்தியரின் கை, மமோகிராம் அல்லது ஸ்கான் படம், ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கு. இந்த இடத்தில்தான் மமோகிராம் நமக்கு அவசியமாகிறது. அறிகுறி உள்ள பெண்ணுக்கு வைத்தியர் எழுதித் தரும் படத்தை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சைக்கு ஒருகாலத்தில் நம்மவர்கள் மகரகமவுக்கே போகவேண்டியிருந்தது. இன்று தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நாடு முழுவதும் நடந்து, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்த்துக் கொடுத்த பணமும் அதன் கட்டடத்துக்கு உதவியது. வவுனியாவின் தென்பகுதியினருக்கு அனுராதபுரம் போதனா வைத்தியசாலை அருகில். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

6. தாமதம் எங்கே நடக்கிறது?

இவ்வளவும் இருந்தும் நமது பெண்கள் ஏன் பிந்திப் போகிறார்கள்? நாம் அறிந்த ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவர் 2009இல் கணவனை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியவர். இரண்டு பிள்ளைகள், ஒன்றரை ஏக்கர் வயல். மார்கழியில் களை பிடுங்கிவிட்டுக் குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நோகவில்லை. அரிவு வெட்டட்டும் என்று இருந்தார். வெட்டியதும் வங்கிக் கடன். அது முடிய மகளின் சாதாரண தரப் பரீட்சை. பிறகு, ஆண் வைத்தியரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம். ஒருவர் சொன்னார் என்று பச்சிலை அரைத்துப் பூசினார். எட்டு மாதம் கழிந்து, தோல் உள்ளிழுத்த பின்தான் குடும்பநல உத்தியோகத்தரிடம் வாய்திறந்தார்.

“நோ ஒண்டும் இருக்கேல்லை ஃபாதர். இருந்திருந்தால் அண்டைக்கே ஓடியிருப்பன்” என்றார் பின்னர் நம்மிடம்.

அவருக்கு முதலில் மருந்தேற்றி, பிறகு சத்திரசிகிச்சை செய்து, மீண்டும் சிகிச்சை நீண்டது. ஒரு போகம் முழுவதும் வயல் தரிசாகக் கிடந்தது. கடவுள் புண்ணியத்தில் இன்றும் கிளினிக்குக்குப் போய் வருகிறார். ஆனால் மார்கழியிலேயே காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் போயிராது என்று வைத்தியர் சொன்னார்.

அந்த எட்டு மாதத்திலும் நாம் அவரது ஊரில் மூன்று கூட்டங்கள் வைத்திருந்தோம். குளக்கட்டு, விதைநெல், கடன் என்று பேசினோம். அவரும் முன்வரிசையில் இருந்தார். பெண்களின் சுகம் பற்றி நாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தாமதத்தில் நமக்கும் பங்குண்டு.

அவரது கதையில் எந்த மாதமும் இயந்திரம் இல்லாததால் வீணாகவில்லை. கட்டியை அவரது கையே கண்டுவிட்டது. வீணானவை கண்டதற்கும் காட்டியதற்கும் இடையிலிருந்த நாட்கள். வேலை, கடன், கூச்சம், துணையின்மை, பஸ் காசு ஆகிய ஐந்தும் சேர்ந்து அவரை வீட்டிலேயே நிறுத்திவைத்தன.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஆறாவதொன்றும் உண்டு: கடதாசிகள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் கிளினிக் கொப்பியும் படங்களும் அறிக்கைகளும் தொலைந்தன. பழைய படம் இருந்தால், புதிய படத்தோடு ஒப்பிட்டு எது மாறியிருக்கிறது என்று வைத்தியர் அறிவார். இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே மருத்துவக் கடதாசிகளைத் தடித்த பொலித்தீன் உறையிலிட்டு, காணிப் பத்திரத்தோடும் குடும்ப அட்டையோடும் ஒரே பெட்டியில் வையுங்கள். வெள்ளம் வந்தாலும் வேறெது வந்தாலும் முதலில் தூக்கும் பெட்டி அதுவாக இருக்கட்டும்.

7. உடனே காட்டவேண்டிய அறிகுறிகள்

1. மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றிய கட்டி அல்லது தடிப்பு, நோகாவிட்டாலும்.
2. ஒரு மார்பின் அளவோ வடிவமோ மாறுதல்.
3. தோல் உள்ளிழுத்தல், அல்லது தோடம்பழத் தோல் போலாதல்.
4. முலைக்காம்பு புதிதாக உள்ளே போதல், அதில் ஆறாத புண், இரத்தம் கலந்த கசிவு.
5. பால் கொடுக்கும் தாய்க்கு வந்த வீக்கம், மருந்து குடித்தும் இரண்டு வாரத்தில் குறையாதிருத்தல்.

மாதவிடாய் உள்ளவர்கள் அது தொடங்கி ஒரு வாரம் கழிந்தபின் பார்ப்பது நல்லது. அப்போது மார்பு இளகியிருக்கும். ஆண்களுக்கும் அரிதாக, நூறில் ஒன்று என்ற அளவில், இந்நோய் வரும். ஆணின் மார்பில் கட்டி கண்டாலும் காட்டவேண்டும்.

“கத்தியோ ஊசியோ பட்டால் கான்சர் பரவும்” என்று நமது ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். பிந்திப் போனவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் இறந்ததைக் கண்டு எழுந்த பேச்சு அது. நோய் சிறிதாக இருக்கும்போது போனால், பலருக்கு முழு மார்பையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கவும் முடிகிறது.

படம் எடுக்கப் போகும் நாளில் சட்டையும் பாவாடையுமாக உடுத்திச் செல்லுங்கள். மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். மார்பிலும் அக்குளிலும் பவுடர் பூசாதீர்கள். அது படத்தில் துகள் போலத் தெரியும். கர்ப்பமாக இருக்கலாமென்ற சந்தேகமிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஆண் வைத்தியர் பார்க்கும்போது தாதி ஒருவர் அருகில் நிற்க வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை.

8. சங்கம் எடுத்த தீர்மானம்

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அறுபது அங்கத்தவர்களில் பாதிக்குமேல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கு இந்தப் படத்தால் பயன் குறைவு. மற்றவர்களுக்கும் ஒரு நாள், ஒரு தடவை எடுப்பது திட்டமாகாது. தொடர்ந்து எடுத்தால்தான் பயன். அன்று பலரும் பேசினார்கள். முடிவில் மெசினுக்குச் சேர்த்த பணத்தைப் பயணத்துக்கு வைப்பதென்று தீர்மானித்தார்கள். அவர்களது தீர்மானத்தை அப்படியே தருகிறோம்:

1. சுழற்சி நிதியில் ஒரு பங்கு வைத்தியசாலைப் பயணத்துக்கென்று ஒதுக்கப்படும். நோயாளிக்கும் துணை போகிறவருக்கும் பஸ் காசு கொடுக்கப்படும். திருப்பிக் கேட்கப்படாது. என்ன வருத்தம் என்று கூட்டத்தில் விசாரிக்கப்படாது.
2. ஒருவர் வைத்தியசாலை போகும் நாட்களில் அவரது பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் பக்கத்து வீட்டார் பார்ப்பர். வயல்வேலை பிந்தாமல் சங்கத்தினர் கைமாற்று வேலை செய்வர்.
3. வருடத்தில் ஒருமுறை, அரிவு வெட்டு முடிந்த பங்குனியில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட அங்கத்தவர் எல்லாரும் சேர்ந்து சுகவனிதையர் கிளினிக்குக்குப் போவர். முப்பத்தைந்து வயதானவர்களும் சேர்ந்துகொள்வர்.
4. அறிகுறி கண்டவர் இரண்டு வாரத்துக்குள் காட்டவேண்டும். விதைப்போ வெட்டோ காரணமாகாது. காட்டிய நாளை ஒருவர் குறித்துவைத்து, 60 நாளுக்குள் முடிவு வந்ததா என்று பார்ப்பார்.

கனடாத் தங்கச்சியின் அக்கா கடைசியாக எழுந்து, “அப்ப பங்குனியில பஸ் பிடிக்கிறது பிடிக்கிறதுதான். யாழ்ப்பாணத்துக்கில்லை, கிளினிக்குக்கு” என்றார். கூட்டம் மீண்டும் சிரித்தது. இம்முறை அந்தச் சிரிப்பில் கூச்சம் இருக்கவில்லை.

எட்டு மாதம் காத்திருந்த அந்தச் சகோதரிக்கும் நாம் இந்தத் தீர்மானத்தைப் படித்துக் காட்டினோம். இரண்டாவது இலக்கத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் ஒரு பெண் தன் உடலில் ஒரு மாற்றத்தைக் கண்டால் முதலில் யாரிடம் சொல்வாள்? சொல்லாமல் இருக்கச் செய்வது எது?
2. அண்மையிலுள்ள சுகவனிதையர் கிளினிக் எங்கே, எந்த நாளில் நடக்கிறது? நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?
3. பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் நமது ஊரில் எத்தனை? அக்குடும்பத் தாய் ஒரு வாரம் வைத்தியசாலையில் தங்கினால் வயலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பார்?
4. ஆண்கள் இந்தப் பாடத்தைக் கேட்டார்களா? கணவன், மகன், சகோதரன் என்ற முறையில் அவர்கள் ஏற்கக்கூடிய பொறுப்பு என்ன?
5. நமது மருத்துவக் கடதாசிகள் இன்றிரவு எங்கே இருக்கின்றன?